அடர்த்தி ஒன்றுதான், எம்.எஃப்.ஐ.யும் ஒன்றுதான், பை மட்டும் ஏன் ஒட்டுகிறது?

கேள்வி: சிறிய அளவில் பிளாஸ்டிக் பை ஊதும் யூனிட் நடத்துகிறேன். இரண்டு இடங்களில் எல்.எல்.டி.பி.இ. (பை ஊதும் ஒரு பாலிஎத்திலீன் ரகம்) குருணை வாங்கினேன். இரண்டு சர்டிபிகேட்டிலும் அடர்த்தி 0.920, எம்.எஃப்.ஐ. 1. ஒன்றில் பை நன்றாக வருகிறது. மற்றதில் ஊதிய ரோல் ஒரு வாரம் கிடந்தாலே வாய் பிரிவதில்லை, பிசுபிசுக்கிறது. மெஷின், செட்டிங் மாற்றவில்லை. என்ன காரணம்?
- வாசகர், ஓசூர்

பதில்: படலம் வழுக்கவும் ஒட்டாமல் இருக்கவும் சேர்க்கும் ஸ்லிப், ஆன்டிபிளாக் பொருள்கள் இரண்டு குருணையிலும் ஒரே அளவுதானா என்று முதலில் சப்ளையரிடம் கேளுங்கள். அதுவும் ஒன்றுதான் என்றால், வித்தியாசம் பாலிஎத்திலீனின் மூலக்கூறுச் சங்கிலிகளில் இருக்கிறது.

நீங்கள் சொன்ன இரண்டு எண்களும் சராசரிகள். 190 டிகிரியில் 2.16 கிலோ எடை அழுத்தும்போது பத்து நிமிடத்தில் எத்தனை கிராம் வழிகிறது என்பதுதான் எம்.எஃப்.ஐ. எந்தச் சங்கிலி நீளம், எதில் எத்தனை கிளை என்பதெல்லாம் அதில் தெரியாது. எத்திலீனோடு சேர்க்கும் பியூட்டீனோ ஹெக்சீனோ ஆக்டீனோ சங்கிலியில் குட்டிக் கிளையாக நிற்கும். ஸீக்லர்-நாட்டா வினையூக்கியில் செய்தால் இந்தக் கிளைகள் எல்லாச் சங்கிலிக்கும் சமமாகப் போய்ச் சேராது.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்கும். பக்கத்திலேயே நல்லெண்ணெய் ஓடும். நேரான சங்கிலி சுலபமாக அடுக்கிக்கொள்ளும், வளைந்தது அடுக்காது. பாலிஎத்திலீன் கரைசலிலும் அப்படித்தான். கிளையில்லாதது சூடு இருக்கும்போதே படிகமாகிவிடும். கிளை மிகுந்தது ஆறிய பிறகும் கரைந்தே கிடக்கும். இதை வைத்துப் பிரிக்கும் முறைக்கு ட்ரெஃப் என்று பெயர். வைல்ட் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 1982-ல் இந்த முறையால் கிளைகளின் பரவலை அளந்து காட்டினார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கையால் செய்தோம். குருணையைச் சூடான சைலீனில் கரைத்து, கண்ணாடி மணிகள் நிரப்பிய குழாயில் ஊற்றி, எண்ணெய்க் குளியலில் மணிக்கு ஒன்றரை டிகிரி வீதம் ஆறவிடுவோம். 125-லிருந்து 25-க்கு வர 67 மணி நேரம் ஆகும். ஒருமுறை இரண்டாம் நாள் இரவில் கரண்ட் போய்விட்டது. குளியல் மடமடவென்று ஆறி, எல்லாம் ஒன்றாகப் படிந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து!

ஆறிய பின் சூட்டைப் படிப்படியாக ஏற்றி, அந்தந்தச் சூட்டில் கரைந்து வருவதைத் தனித்தனியாகப் பிடித்து அசிட்டோனில் ஊற்றுவோம். 90 டிகிரியை ஒட்டி வந்தது வெள்ளைப் பொடியாக உதிரும். அறைச் சூட்டிலேயே முதலில் வந்ததோ மெழுகும் ரப்பரும் கலந்த மாதிரி விரலில் ஒட்டிக்கொள்ளும். துணியால் துடைத்தாலும் லேசில் போகாது. உங்கள் ரோலில் ஒட்டுவது பெரும்பாலும் அந்தப் பங்குதான். ஜெல் பெர்மியேஷன் கருவியில் அதன் நீளத்தை அளந்தால், கிளை மிகுந்த அந்தச் சங்கிலிகள் குட்டையாகவும் இருக்கும். படிகத்தில் சேராமல், குட்டையாகவும் இருப்பதால் நாளாக ஆக படலத்தின் மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. ஒரு வாரம் கழித்து ஒட்டுவது அதனால்தான்.

உங்களுக்கு ட்ரெஃப் தேவையில்லை. அந்த ஒட்டும் பங்குதான் ஹெக்சேன் என்ற கரைப்பானில் பெரும்பாலும் கரையும். 'ஹெக்சேனில் கரையும் பங்கு எத்தனை சதவீதம்?' என்று சப்ளையரிடம் எழுதிக் கேளுங்கள். சமையலுக்கல்லாத உணவுப் பைகளுக்கு அமெரிக்க விதியில் 50 டிகிரியில் 5.5 சதவீதம்தான் உச்ச வரம்பு. இரண்டு குருணைக்கும் இந்த எண்ணை வாங்கி ஒப்பிட்டாலே விஷயம் தெரிந்துவிடும். யூனிட்டில் நீங்களே ஹெக்சேன் வைத்துச் சோதிக்காதீர்கள், சட்டென்று தீப்பிடிக்கும்.

அப்புறம், மெட்டலோசீன் என்ற வேறு வினையூக்கியில் செய்த ரகம் கிடைத்தால் ஒரு மூட்டை வாங்கிப் பாருங்கள். அதில் கிளைகள் எல்லாச் சங்கிலியிலும் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும், பிசுபிசுப்பு குறையும். ஆனால் மோட்டார் லோடு ஏறும். அதனால் கொஞ்சம் எல்.டி.பி.இ. (இன்னொரு பாலிஎத்திலீன் ரகம்) கலந்து, ஆம்பியர் மீட்டரைப் பார்த்தபடி மெதுவான வேகத்தில் ஓட்டத் தொடங்குங்கள்.