வக்கீல் அக்கா பதில்கள்

கேள்வி: அக்கா, எங்கள் தறிச் சேலைகளை நானே கட்டிக் காட்டி இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். தீபாவளியில் இருந்து ஒருத்தன் போலிக் கணக்கில் வந்து, வாடிக்கையாளர்கள் விலை கேட்கும் இடத்திலேயே ‘ராத்திரிக்கு ரேட் என்ன?’ என்று எழுதுகிறான். பிளாக் செய்தால் வேறு பெயரில் வருகிறான். அண்ணன் கணக்கையே மூடச் சொல்கிறார்.
- வாசகி, இளம்பிள்ளை

பதில்: மூடாதே கண்ணு. அது உன் கடை. கடை வாசலில் ஒருத்தன் அசிங்கம் பேசினால் அவனைத்தான் விரட்டுவோம், ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போக மாட்டோம். அண்ணன் பயத்தில் சொல்கிறார், புரிகிறது. ஆனால் தப்புச் செய்தவன் ஜம்மென்று இருக்க, பிழைப்பு போவது உனக்கா? இந்தப் பதிலை அவரிடம் காட்டி, ஸ்டேஷனுக்குத் துணைக்கு வரச் சொல்.

கமெண்டை உடனே அழிக்காதே. என்னிடம் வரும் பெண்கள் பலர் கூசிப்போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் வருகிறார்கள். எனக்கு வயிறு எரியும். ஸ்கிரீன்ஷாட்டில் அவன் எழுதியது மட்டும் போதாது, கணக்கின் பெயரும் உன் வீடியோவும் தெரிய வேண்டும். அவனுடைய ப்ரொஃபைல் லிங்கைக் காப்பி செய்து, தேதி, நேரத்தோடு எழுதி வை. வேறு பெயரில் வந்தால் அதையும் தனியாகச் சேர். அப்புறம் ரிப்போர்ட் அடி. பிளாக் செய்யும்போது, அவன் புதிதாகத் தொடங்கும் கணக்குகளையும் சேர்த்துத் தடுக்கிற வசதியைத் தேர்ந்தெடு. வழக்கு முடியும்வரை அந்த போனை விற்காதே, ரீசெட்டும் செய்யாதே.

பிளாக் செய்வதற்கு முன் ‘என்னைத் தொடர்பு கொள்ளாதே’ என்று ஒரே ஒரு தடவை எழுது. அதற்குமேல் அவனோடு பேச்சே வேண்டாம். விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பத் தொடர்பு கொள்வது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 78-ஆம் பிரிவில் குற்றம். முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை உண்டு. அந்த ‘ரேட்’ கேள்விக்கு, பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் பேச்சைத் தண்டிக்கும் 79-ஆம் பிரிவும் இருக்கிறது.

சேலம் மாநகருக்கும் மாவட்டத்துக்கும் சைபர் கிரைம் போலீஸ் தனித்தனி. இளம்பிள்ளை மாவட்டத்தில் வரும். ‘எங்கள் எல்லை இல்லை’ என்று யாராவது அலைய வைத்தால் அசராதே; இப்படிப்பட்ட குற்றத்துக்கு எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். புகாரைப் பதிவு செய்ததற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது கைக்கு வராமல் வெளியே வராதே. வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் அஸ்தம்பட்டி கோர்ட்டில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பார். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி தருவார்கள்.

கேள்வி: எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் மலைக்கிராமத்து மாணவி ஒருத்தியைச் சாதி சொல்லிக் கிண்டல் செய்கிறார்கள். நான் கிண்டல் செய்யவில்லை, சும்மா பார்க்கிறேன். என்ன செய்யலாம்?
- மாணவர், ஏற்காடு

பதில்: சும்மா பார்க்காதே தம்பி. உன் பெயரில், அதே குரூப்பில், ‘இது தப்பு, நிறுத்துங்கள்’ என்று எழுது. உன்னைப்போல் வாய்மூடி இருக்கும் இன்னும் இரண்டு பேர் அதன்பின் பேசுவார்கள். கிண்டல் செய்கிறவர்கள் எழுதியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை; எங்கும் பரப்பாதே. அப்புறம் அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேள்: கல்லூரியில் புகார் கொடுக்க விருப்பமா, நான் சாட்சி சொல்லட்டுமா என்று. முடிவு அவளுடையது. அவள் பழங்குடி வகுப்பு என்றால் இது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரை போகக்கூடிய விஷயம். கிண்டல் செய்கிறவர்கள் காதில் அதையும் போட்டு வை.