தேயிலை ஸ்டோரில் ஈரமானி சரியாகக் காட்டுகிறதா? – கேள்வி பதில்

ஹட்டன், டீமேக்கர்: காற்றின் ஈரத்தைக் காட்டும் டிஜிட்டல் ஈரமானியைச் சரிபார்க்க ஒவ்வொரு முறையும் கொழும்புக்கு அனுப்பத்தான் வேண்டுமா அண்ணே?

சான்றிதழ் வேண்டுமென்றால் அனுப்புங்கள். இடையில் நீங்களே பார்த்துக்கொள்ள, காற்றுப் புகாத டப்பாவில் சோடியம் குளோரைட்டின் நிரம்பிய கரைசலை (இனியும் உப்புக் கரையாது என்ற அளவுக்குக் கரைத்தது) வைத்து, அதற்கு மேலே சென்சரை வைத்து மூடினால் போதும். 20 பாகை செல்சியஸில் உள்ளே சாரீரப்பதன் (காற்று அந்த வெப்பநிலையில் தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை வீதம் இருக்கிறது என்பது) 75.5 வீதம், 10 பாகையில் 75.7, 30 பாகையில் 75.1. பகலும் இரவும் குளிர் மாறும் நம் ஊருக்கு இதைவிடத் தோதான உப்பு இல்லை. இன்னொரு அளவிலும் சரிபார்க்க மக்னீசியம் குளோரைட்டு, 20 பாகையில் 33 வீதம். கரையாத உப்பு எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அயடீன் சேர்த்த கடை உப்பு வேண்டாம், ஆய்வுகூட உப்பே வாங்குங்கள்.

தலவாக்கலை: எவ்வளவு நேரம் வைப்பது?

இரவு முழுவதும் வைத்துக் காலையில் பாருங்கள். கரைசல் சென்சரில் பட்டுவிடாமல் கவனம். முதலில் 33 வீத டப்பா, அப்புறம் 75 வீத டப்பா.

நுவரெலியா, ஆசிரியர்: இங்கே காற்றழுத்தம் குறைவு. உப்பின் எண் மாறாதா?

மாறாது சேர். அது நீராவி அழுத்தங்களின் விகிதம், உயரம் அதைத் தொடாது. தொடுவது ஈரத்துணி சுற்றிய ஈரக்குமிழ் வெப்பமானியைத்தான். உலர் குமிழ் 20, ஈரக்குமிழ் 16 என்று வையுங்கள். கடல் மட்டத்து அட்டவணை 66 வீதம் சொல்லும். உங்கள் ஊரின் ஏறத்தாழ 810 ஹெக்டோபாஸ்கலுக்குக் கணக்கிட்டால் 68.6 வரும். கொழுந்து வாட்டும் மாடியில் பழைய அட்டவணையைத் தொங்கவிட்டிருப்பவர்கள் அது எந்த அழுத்தத்துக்குப் போட்டது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பண்டாரவளை, தரக்கட்டுப்பாடு: அண்ணா, உப்பின் நிச்சயமின்மை (எண் எவ்வளவு தூரம் பிசகலாம் என்பது) 0.12 தானே? அதையே அறிக்கையில் எழுதலாமா?

வேண்டாம் தங்கச்சி, அது உப்புக்கு மட்டும். உண்மையான கள்ளன் வெப்பநிலை. சென்சர் கரைசலைவிட 1 பாகை சூடாக இருந்தாலே வாசிப்பு ஏறத்தாழ 4.7 குறையும். டிரையர் பக்கத்துச் சுவரோரம் டப்பாவை வைத்துவிட்டுக் கருவியைத் திட்டுபவர்கள் உண்டு!

சென்சருக்கும் கரைசலுக்கும் வெப்பநிலை வித்தியாசம் ±0.2 பாகைக்குள் என்றால் ±0.94, அந்த எல்லைக்குள் எங்கும் சமமாக இருக்கலாம் என்பதால் மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.54. திரை முழு எண்ணில் காட்டினால் அரைப் புள்ளியை அதேபோல் வகுக்க 0.29. திரும்பத் திரும்ப எடுத்த வாசிப்புகளின் சிதறல் 0.3 என்று கொள்வோம். உப்பின் 0.12ஐப் பாதியாக்கினால் 0.06. எல்லாவற்றையும் வர்க்கித்துக் கூட்டி, மூலம் எடுத்தால் 0.69. இரண்டால் பெருக்கி ±1.4 என்று எழுதுங்கள், நம்பிக்கை மட்டம் சுமார் 95 வீதம். உப்பின் பங்கைக் கணக்கில் அடியோடு விட்டுவிட்டாலும் ±1.4 என்ற விடை அசையாது, பாருங்கள். காசு செலவழிப்பதென்றால் விலை கூடிய உப்புக்கு வேண்டாம், டப்பாவைச் சுற்றி நல்ல தெர்மோகோல் பெட்டிக்குச் செலவழியுங்கள்.

பதுளை, மாணவர்: பெரிய ஆய்வுகூடங்களிலும் உப்புதானா?

பல இடங்களில் இரு அழுத்த முறை, தம்பி. காற்றை உயர் அழுத்தத்தில் நீராவியால் நிரப்பி, அதே வெப்பநிலையில் குறைந்த அழுத்தத்துக்கு விடுவார்கள். 200 கிலோபாஸ்கலில் நிரப்பி 100க்கு விட்டால் ஏறத்தாழ 50 வீதம். அழுத்தத்தை மாற்றி வேண்டிய எண்ணை எடுக்கலாம். அங்கேயும் இரண்டு அறைகளின் வெப்பநிலையை ஒன்றாக வைத்திருப்பதுதான் பெரும்பாடு.