கல்நார்த் தூசி: வேலையை விட்டுப் பத்து வருடம் கழித்து ஏன் மூச்சு வாங்குகிறது?

கேள்வி: அப்பாவுக்கு வயது 69. 1983 முதல் 2014 வரை சிமென்ட் ஷீட் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். முதலில் சாக்குப் பிரித்துக் கொட்டும் இடம், பிறகு ஷீட் அறுக்கும் இடம். சட்டையெல்லாம் வெள்ளையாக வீடு திரும்புவார். அம்மா வாசலில் வைத்து உதறிவிட்டுத்தான் துவைக்கப் போடுவார். இரண்டு வருடமாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வறட்டு இருமல். டிபி என்று ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை. இப்போது ஸ்கேன் பார்த்து ‘ஆஸ்பெஸ்டோசிஸ், ப்ளூரல் ப்ளேக்’ என்கிறார்கள். இது புற்றுநோயா? குணமாகுமா? பேரன் அவர் பக்கத்தில்தான் படுக்கிறான், ஒட்டிக்கொள்ளுமா? எங்கள் வீட்டுக் கூரையும் அதே ஷீட்தான். பிரித்துவிடலாமா?

பதில்: பேரன் தாத்தா பக்கத்திலேயே படுக்கட்டும். இது ஒட்டும் நோய் இல்லை.

ஆஸ்பெஸ்டாஸுக்குத் தமிழில் கல்நார் என்று பெயர். கல்தான், ஆனால் நாராகப் பிரியும். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய அந்த நார் மூச்சோடு போய் நுரையீரலின் கடைசி அறைகளில் தங்கிவிடுகிறது. உள்ளே வருவதை விழுங்கிச் செரிக்கும் காவல் அணுக்களால் இதைச் செரிக்க முடிவதில்லை. அணு சாகும், அந்த இடம் புண்ணாகும், தழும்பாகும். இந்தத் தழும்புதான் ஆஸ்பெஸ்டோசிஸ். இது மெதுவாக நடக்கும் வேலை. முதல் தூசியைச் சுவாசித்ததற்கும் முதல் மூச்சிரைப்புக்கும் இடையே இருபது, முப்பது வருடம் ஓடிவிடும். அதனால்தான் ‘வேலையை விட்டுத்தான் இவ்வளவு நாள் ஆயிற்றே’ என்று எல்லோரும் ஏமாறுகிறோம், மருத்துவர்களும் சேர்த்துத்தான்.

சாக்கு, அறுப்பு என்று நீங்கள் எழுதிய இரண்டு சொல்லே எனக்குப் பாதி நோயறிதல். ஷீட் வார்ப்பது ஈர வேலை, அங்கே தூசி குறைவு. தூசி கிளம்புவது முக்கியமாக இரண்டு இடத்தில்: நார்ச் சாக்கைப் பிரிக்கும்போதும், காய்ந்த ஷீட்டை அறுக்கும்போதும். அப்பா இரண்டிலும் நின்றிருக்கிறார். எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தவுடன் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது டிபி. சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்க்காமலே சில இடங்களில் மாத்திரை தொடங்கிவிடுகிறார்கள். ‘என்ன வேலை பார்த்தீர்கள்?’ என்று கேட்க அரை நிமிடம் போதும். முதுகின் கீழ்ப்பக்கம் ஸ்டெதஸ்கோப்பை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னால், பள்ளிப் பையின் வெல்க்ரோ பட்டையை மெல்லப் பிரிப்பது போல ஒரு சத்தம் கேட்கும். சிலருக்கு விரல் நுனி உருண்டு, நகம் கிளிமூக்குப் போல வளைந்திருக்கும்.

புற்றுநோயா என்றால், இல்லை. ப்ளூரல் ப்ளேக் என்பது நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் விழுந்த தடிப்பு. கல்நார் உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அது சாட்சி. அதுவே புற்றாக மாறாது. ஆனால் கல்நாரைச் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் புற்றும், உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அப்பா பீடி குடிப்பாரா என்று நீங்கள் எழுதவில்லை. குடித்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நுரையீரல் புற்றைப் பொறுத்தவரை கல்நாரும் புகையிலையும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகிறது. நிறுத்தினால் இறங்கத் தொடங்குகிறது. சளியில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ஒரு பக்கம் விடாத நெஞ்சுவலி, திடீரென்று கூடும் மூச்சிரைப்பு, இவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காதீர்கள்.

விழுந்த தழும்பு மறையாது. ஸ்டீராய்டு மாத்திரைக்கு அதைக் கரைக்கும் திறன் இல்லை. இன்ஹேலரும் மூச்சுக்குழல் சுருக்கம் கூடவே இருந்தால்தான் உதவும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாமல், எதற்காக என்று மருத்துவரைக் கேளுங்கள். நுரையீரல் செயல்திறன் பரிசோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து எண்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தழும்பு வேகமாகப் பரவுகிறது என்று தெரிந்தால் நின்டெடானிப் போன்ற மருந்து அந்த வேகத்தைக் குறைக்கலாம். பலருக்கு அது தேவைப்படாமலே வருடக்கணக்கில் ஓடுகிறது. ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி, கூடவே நிமோனியா தடுப்பூசி: இவற்றைத் தள்ளிப்போடாதீர்கள். சாதாரண சளிக்காய்ச்சலே இவர்களைப் படுக்கையில் தள்ளிவிடும்.

மூச்சு வாங்குகிறது என்று நாற்காலியிலேயே உட்கார வைத்துவிடுவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. கால் தசை இளைத்தால் அதே வேலைக்கு இன்னும் அதிகக் காற்று வேண்டும். காலை மாலை தெருமுனை வரை நடக்கட்டும், நின்று நின்று நடந்தாலும் சரி. மாடி ஏறும்போது உதட்டைக் குவித்து, சுடுபாலை ஊதுவது போல நிதானமாக மூச்சை விட்டுக்கொண்டே ஏறட்டும். குளியலறையில் ஒரு ஸ்டூல் போடுங்கள்; குந்தி உட்காரும் கழிப்பறை என்றால் மாற்றிவிடுங்கள். விறகடுப்பு, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் மூன்றும் அவர் இருக்கும் அறைக்கு வேண்டாம்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை உட்கார்ந்திருக்கும்போது மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். நடந்து முடித்தவுடன் பாருங்கள், இந்த நோய் அங்கேதான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஓய்விலேயே ஆக்சிஜன் அளவு 88 சதவீதம் அல்லது அதற்குக் கீழே நின்றால் வீட்டில் ஆக்சிஜன் வைப்பது பற்றிப் பேச வேண்டும். அது நாளுக்குப் பதினைந்து மணி நேரமாவது தேவைப்படும். அப்படி வைத்தால் அந்த அறையில் பூஜை விளக்கும் கூடாது.

கூரையைப் பிரிக்காதீர்கள். ஷீட்டில் கல்நார் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான், மீதி சிமென்ட். உடையாத ஷீட்டில் நார் இறுகிக் கிடக்கும். அறுக்கும்போதும் துளை போடும்போதும் உடைக்கும்போதும்தான் பறக்கும். பாசியைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்க்காமல் அப்படியே விட்டுவிடுங்கள். விரிசல் விட்டதை மாற்றியே ஆகவேண்டும் என்றால் நன்றாக நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்கச் சொல்லுங்கள். அப்பாவும் குழந்தைகளும் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும். உடைந்த துண்டை நொறுக்கித் தரையில் நிரப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது, அதைச் செய்யவே வேண்டாம். (அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை செய்துவிட்டன. இலங்கையும் முயன்றது, 2017 டிசம்பரில் ரஷ்யா, வண்டு இருந்தது என்று சொல்லி அவர்கள் தேயிலையை நிறுத்தியதும் பின்வாங்கியது. கல்நாரை அதிகம் விற்கும் நாடும் ரஷ்யாதான். நாமும் இன்னும் இறக்குமதி செய்துகொண்டுதான் இருக்கிறோம்.)

நீங்கள் கேட்காத ஒன்று, இழப்பீடு. இது சட்டப்படி தொழில் நோய். கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டு, இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் அப்பாவுக்கு அது 2029 வரை. தொழிற்சாலையிடம் இப்போதே எழுத்துமூலம் கேளுங்கள். பிஎஃப் சீட்டு, இஎஸ்ஐ அட்டை, பழைய எக்ஸ்ரே எதையும் தூக்கிப் போடாதீர்கள். எந்த வருடம் எந்தப் பிரிவில் நின்றார் என்று அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதி, அதை மருத்துவரின் கோப்பிலும் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று. அந்தச் சட்டையை முப்பது வருடம் உதறியது அம்மா. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அவரையும் கூட்டிச் சென்று ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்; சட்டை விஷயத்தை நீங்களே மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் சொல்லமாட்டார்.