சூரிய மின்சாரம் மலிவா? ஓய்வுபெற்ற மின்பொறியாளரின் பதில்கள்

கேள்வி: கமுதி சூரிய மின்சாரத்தின் விலை யூனிட்டுக்கு ரூ.7.01 என்றார்கள், ராஜஸ்தானின் பட்லாவில் ரூ.2.44 என்கிறார்கள். எது பொய்?

பதில்: இரண்டும் மெய்தான். முன்னது 2015ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் விலை. பின்னது 2017 மே மாத ஏலத்தில் வந்த விலை. சூரிய மின்நிலையத்துக்கு எரிபொருள் செலவு கிடையாது; போட்ட முதலும் அதன் வட்டியுமே ஏறக்குறைய முழுச் செலவு என்பதால், சூரியப் பலகை விலையோ வட்டியோ இறங்கினால் அடுத்த ஏலத்திலேயே அது தெரிந்துவிடும். ஆனால் நீண்டகால ஒப்பந்தத்தில் முந்திக்கொண்டு கையெழுத்திட்டவர் பழைய விலையைத்தான் கொடுத்துவர வேண்டும்.

கேள்வி: வீட்டுக்கு 3 கிலோவாட் போடலாமா? எத்தனை ஆண்டில் முதல் திரும்பும்?

பதில்: கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் என்று வையுங்கள், இரண்டு மாதத்துக்கு 720 யூனிட் வரும். ஒன்றிய அரசின் மானியம் ரூ.78,000. ஆனால் தமிழ்நாட்டு அரசு தரும் இலவச யூனிட் போக இன்னும் நூறோ நூற்றைம்பதோ மட்டும் செலவழிக்கும் வீட்டில் மிச்சமாவது சொற்பம். 500 யூனிட்டைத் தாண்டி மேல் அடுக்கில் கட்டுபவருக்கே விரைவில் முதல் திரும்பும். பிற்பகல் மூன்று மணிக்கு மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறது என்பதை ஏறிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மின்வெட்டில் விளக்கு எரியுமா?

பதில்: பேட்டரி இல்லையென்றால் எரியாது. பலகை தருவதை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர், கம்பத்தில் வேலை செய்பவர் மீது அந்த மின்சாரம் பாயாதபடி தானாக நின்றுவிடும்.

கேள்வி: ஒரு மெகாவாட் நிறுவ ஆகும் செலவில் சூரியசக்தி நிலக்கரியை வென்றுவிட்டதே?

பதில்: மெகாவாட்டை மெகாவாட்டோடு ஒப்பிடாதீர்கள். ஒரு மெகாவாட் ஆண்டு முழுதும் நிற்காமல் ஓடினால் 87.6 லட்சம் யூனிட் தரும். சூரியப் பலகை அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தொட்டாலே நல்ல ஆண்டு.

கேள்வி: அப்படியானால் ரூ.2.44 என்பதே கண்கட்டு வித்தைதானே?

பதில்: இல்லை, அவசரப்படுகிறீர்கள். அந்த விலையில் குறைந்த உற்பத்தியும் கணக்கிடப்பட்டுவிட்டது. அதில் சேராதது நேரம். நண்பகல் யூனிட்டும் இரவு ஏழு மணி யூனிட்டும் ஒரே சரக்கல்ல. பகலில் மிஞ்சுவதைக் கொண்டு கடம்பாறை நீரேற்று மின்நிலையத்தில் நீரை மேலேற்றி, மாலையில் இறக்கி மின்சாரம் எடுக்கலாம்; அதில் ஏறக்குறைய கால் பங்கு வீணாகும். பேட்டரியில் இழப்பு குறைவு, முதல் அதிகம். இந்தச் செலவைச் சூரியசக்தியின் பக்கம் எழுதுபவர், ஒடிசாவிலிருந்து ரயிலிலும் கப்பலிலும் எண்ணூர் வந்து சேரும் கரியின் கூலியையும் சாம்பல் குளத்தையும் மறுபக்கத்தில் எழுதட்டும். ஆண்டுதோறும் கரி வாங்கியாக வேண்டும். வெயிலுக்கு யாரும் பில் அனுப்புவதில்லை.

கேள்வி: ஐயா, 5 கிலோவாட் போட்டால் எத்தனை ஆண்டில் முதல் திரும்பும்?

பதில்: இரண்டாம் பதிலைப் படியுங்கள். 3 கிலோவாட்டுக்கு மேல் போட்டாலும் மானியம் அதே ரூ.78,000தான். மின் அட்டையை எடுத்துக் கடந்த ஆறு பில்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.