ஆராய்ச்சி நிதி: சுயநிதிப் பிரிவு ஆசிரியருக்கு வழி உண்டா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் உள்ள ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில், அரசு அல்லாமல் நிர்வாகமே ஊதியம் தரும் சுயநிதிப் பிரிவில் தாவரவியல் உதவிப் பேராசிரியராக 5 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். முனைவர் பட்டம் பெற்றிருக்கிறேன். வயது 37. தேரூர், சுசீந்திரம் குளங்களின் நீர்த்தாவரங்களைப் பற்றி ஓர் ஆய்வுத் திட்டம் செய்ய விரும்புகிறேன். சுயநிதிப் பிரிவு ஆசிரியருக்கு எந்த நிதியும் கிடைக்காது என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். இதற்கிடையில் ஒரு நிறுவனத்தார் வாட்ஸ்அப்பில் தொடர்பு கொண்டார்கள். 25,000 ரூபாய் முன்பணமும், நிதி கிடைத்ததும் அதில் 15 சதவீதமும் கொடுத்தால், திட்ட வரைவு எழுதுவது முதல் ஒப்புதல் வாங்குவது வரை தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். என் பெயரில் இரண்டு பேட்டன்ட் இருந்தால் வாய்ப்பு கூடும் என்றும், அதையும் ஏற்பாடு செய்து தருவதாகவும் கூறுகிறார்கள். பணம் கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தாலும், நாள் கடத்தினால் கைப்பணம் போய்விடும் என்பதால் இதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

ஆராய்ச்சி நிதி ஆசிரியரின் சொந்தக் கணக்குக்கு வருவதில்லை. அது நிறுவனத்தின் பெயரில், அதற்கென்று உள்ள கணக்குக்கு, தலைப்பு வாரியாகப் பிரிக்கப்பட்டு வருகிறது: கருவிகளுக்கு இவ்வளவு, வேதிப்பொருள், கண்ணாடிப் பொருட்களுக்கு இவ்வளவு, பயணத்துக்கு இவ்வளவு, திட்ட உதவியாளரின் ஊதியத்துக்கு இவ்வளவு, ஓவர்ஹெட் என்று சொல்லப்படும் நிறுவனச் செலவுக்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் வரம்பு கட்டியிருப்பார்கள். உங்களுக்கு 10 லட்சம் ரூபாய்த் திட்டம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் 15 சதவீதம் என்றால் ஒன்றரை லட்சம் ரூபாய். அந்த ஒன்றரை லட்சத்தை எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்? கமிஷன் என்று ஒரு தலைப்பு எந்தத் திட்டத்திலும் கிடையாது. ஆகவே, அந்தப் பணம் பொய்யான பில்லிலிருந்துதான் வரவேண்டும். கருவியின் விலையை உயர்த்திக் காட்டும் கொட்டேஷனை அவர்களே கொண்டுவருவார்கள். போட்டி கொட்டேஷன்கள் இரண்டையும் அவர்களே கொண்டுவருவார்கள். ஆனால், செலவுக் கணக்கின் கீழ் முதன்மை ஆய்வாளர் என்று கையெழுத்திடப் போகிறவர் நீங்கள்.

இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. கல்லூரி ஒன்றின் ஆராய்ச்சிக் குழுவில் நான் இருந்தபோது, ஒரு சக ஆசிரியரின் ஆய்வகத்துக்கு இப்படித்தான் சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழற்சிக் கருவி ஒன்று வந்து இறங்கியது. பில்லில் 1,80,000 ரூபாய் என்று இருந்தது. பெட்டியைப் பிரித்தால், மேலே புதுப் பெயின்ட் அடித்த பழைய இயந்திரம். பின்புறம் வரிசை எண் பொறித்த தகட்டை உப்புத்தாளால் தேய்த்திருந்தார்கள். மூடியின் ரப்பர் வளையம் வெடித்துப் போயிருந்தது. தணிக்கைக்கு வந்தவர் இருப்புப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வரிசை எண் எங்கே என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அந்த ஆசிரியர் தம் சம்பளத்திலிருந்து தவணை தவணையாகப் பணத்தைத் திருப்பிக் கட்டினார். விற்றவரின் கைப்பேசி எண் அதற்குள் உபயோகத்தில் இல்லாமல் போயிருந்தது. அவர் திறமையான ஆசிரியர். இடைத்தரகர் இல்லாமலேயே அந்த நிதியைப் பெறக்கூடியவர். அதனால்தான் இன்று நினைத்தாலும் எனக்கு ஆறுவதில்லை.

இந்தக் கூட்டத்தார் பெரும்பாலும் சொல்லும் இன்னொரு பொய், டெல்லியில் தங்களுக்கு ஆள் இருக்கிறது என்பது. வரைவுகளைத் துறை சார்ந்த பேராசிரியர்களும் விஞ்ஞானிகளும் படித்து மதிப்பிடுகிறார்கள். பிறகு நிபுணர் குழு முடிவு செய்கிறது. மத்திய அரசின் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு நீங்களே இணையதளத்தில் கணக்குத் தொடங்கி நேரடியாக விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. அந்த 25,000 ரூபாய்க்கு அவர்கள் எழுதித் தரும் வரைவும், பெயரையும் ஊரையும் மாற்றிப் பலருக்கு விற்ற ஒரே வரைவாகத்தான் இருக்கும். மதிப்பிடுகிறவர் அதே பத்தியை இரண்டாவது முறை படிக்கும்போது உங்கள் பெயர் கெட்டுப்போகும்.

பேட்டன்ட் விவகாரத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன், ஏனென்றால் நம் மாவட்டத்துக் கல்லூரி ஆசிரியர்கள் இதில் ஏமாறுவது கூடிக்கொண்டே போகிறது. காப்புரிமை விண்ணப்பம் தாக்கல் செய்து 18 மாதங்கள் கடந்ததும் அலுவலக இதழில் வெளியாகும். கட்டணம் கட்டி அதற்கு முன்பே வெளியிடவும் செய்யலாம். வெளியாவது வேறு, காப்புரிமை வழங்கப்படுவது வேறு. வெளியான பக்கத்தைச் சான்றிதழ் போல வடிவமைத்து, எட்டுப் பேரின் பெயரைச் சேர்த்து, ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறார்கள். பிரிட்டனில் வாங்கித் தருவதாகச் சொல்வது, பெரும்பாலும் ஒரு பொருளின் வெளித்தோற்றத்துக்கான வடிவமைப்புப் பதிவு மட்டுமே. அல்லியைப் பற்றியும் ஆகாயத்தாமரையைப் பற்றியும் ஆராய்கிற நீங்கள், ஒரு தண்ணீர்ச் சோதனைப் பெட்டியின் வடிவத்துக்கு ஏழு பேரோடு உரிமை கொண்டாடுவதைப் பார்க்கும் மதிப்பீட்டாளர் உங்கள் மற்ற தகுதிகளையும் சந்தேகிப்பார். பணம் வாங்கிக்கொண்டு வாரத்துக்குள் கட்டுரை வெளியிடும் இதழ்களுக்கும் இதே கதைதான். பல்கலைக்கழக மானியக் குழு, தரமான ஆய்விதழ்களைத் தொகுத்து வைத்திருந்த தன் கேர் பட்டியலை 2025-இல் கைவிட்டுவிட்டதால், இனி இதழின் தரத்தை நீங்களேதான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி சுயநிதிப் பிரிவு. உங்கள் சக ஆசிரியர்கள் சொல்வது பாதி உண்மை. அந்தப் பாதி எது என்று தெரியாமல்தான் பலர் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். மத்திய அரசின் பெரும்பாலான அறிவியல் திட்டங்களின் வழிகாட்டு நெறிமுறைகளில் கேட்கப்படுவது, விண்ணப்பதாரர் அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிறுவனத்தில் வழக்கமான பணியில் இருக்க வேண்டும் என்பதே. ஊதியத்தை அரசு தருகிறதா, நிர்வாகம் தருகிறதா என்பது அங்கே கேள்வி அல்ல. தனியார் கல்லூரி ஆசிரியர்களும் அவற்றில் விண்ணப்பிக்கிறார்கள். கௌரவ விரிவுரையாளர், தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கு ஆண்டு ஆணை புதுப்பிக்கப்படுகிறவர், மணிக்கணக்கில் ஊதியம் பெறுகிறவர் ஆகியோரைத்தான் வழக்கமான பணியில் இல்லாதவர்களாகக் கொள்கிறார்கள். ஆகவே உங்கள் நியமன ஆணையை எடுத்துப் பாருங்கள். அதில் பணிக்காலம் 11 மாதம் என்றோ ஒரு கல்வியாண்டு என்றோ வரையறுக்கப்பட்டிருந்தால் உங்களுக்குச் சிக்கல்தான். உதவிப் பேராசிரியர் என்ற பதவிப் பெயரும், ஊதிய விகிதமும், தகுதிகாண் பருவமும் குறிப்பிடப்பட்டு, அந்தப் பருவத்தை நீங்கள் நிறைவு செய்ததற்கு ஆணையும் இருந்தால், நீங்கள் தயங்க வேண்டியதில்லை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திடமிருந்து உங்கள் நியமனத்துக்குத் தகுதி ஒப்புதல் பெறப்பட்டிருந்தால், அந்தக் கடிதத்தின் நகலையும் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஆணையில் தெளிவில்லாவிட்டால், முதல்வரும் தாளாளரும் கையெழுத்திட்டு, உங்கள் பணி வழக்கமானது என்றும், திட்டம் முடியும் வரை நீங்கள் தொடர்வீர்கள் என்றும் ஒரு சான்று தர வேண்டும். நிர்வாகம் அதைத் தர மறுத்தால், அதே துறையில் நிரந்தரப் பணியில் உள்ள ஒருவரை முதன்மை ஆய்வாளராக வைத்து, நெறிமுறை இடம் கொடுக்கும் திட்டங்களில் நீங்கள் இணை ஆய்வாளராகச் சேரலாம். ஆனால் வரைவில் யாருடைய பங்கு என்ன என்பதை எழுத்தில் பிரித்துக் காட்டுங்கள். எல்லா வேலையையும் நீங்கள் செய்து, கட்டுரையில் உங்கள் பெயர் கடைசியில் வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மாநில அரசின் திட்டங்களிலும் மானியக் குழுவின் திட்டங்களிலும் நிலைமை வேறு. அரசு, அரசு உதவி பெறும் நிறுவனங்களின் நிரந்தர ஆசிரியர்கள் என்று வரையறுத்திருந்தால், உங்கள் கல்லூரி உதவி பெறுவதாக இருந்தாலும் உங்கள் பணியிடம் உதவி பெறுவது அல்ல என்பதால், நீங்கள் வெளியே நிற்க நேரிடும். ஒரே கட்டடத்தில், ஒரே பாடத்தை, ஒரே மாணவர்களுக்குக் கற்பிக்கும் இருவரில் ஒருவர் ஆராயலாம், மற்றவர் ஆராயக் கூடாது என்று சொல்கிற இந்தப் பிரிவினைக்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

மானியக் குழுவின் மீது எனக்கு இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. முன்பு அது குறு ஆய்வுத் திட்டங்களை வழங்கிவந்தது. நம் ஊர் ஆசிரியர்கள் ஹைதராபாத்தில் உள்ள அதன் மண்டல அலுவலகத்துக்கு வரைவை அனுப்பி, அறிவியலுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பெற்றார்கள். கல்லூரி ஆசிரியருக்கு அதுதான் முதல் படி. அந்தப் படியை எடுத்துவிட்டு, பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கென்று 2022-இல் 10 லட்சம் ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தார்கள். அதற்குத் தகுதி, முழுநேர ஆய்வாளர்கள் 5 பேரை முனைவர் பட்டத்துக்கு வழிநடத்தி முடித்திருக்க வேண்டும், நிதி பெற்ற 2 திட்டங்களையும் முடித்திருக்க வேண்டும் என்பது. ஏற்கெனவே ஏறியவருக்கு மட்டும் ஏணி தருவதால் கல்லூரிகளில் ஆராய்ச்சி எப்படி வளரும்?

உங்களுக்கு உடனடியாகப் பொருந்தக்கூடியவை இரண்டு. ஒன்று சிறியது: தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்டம். தொகை சில ஆயிரங்கள்தான்; இறுதியாண்டு மாணவரின் பெயரில், உங்கள் வழிகாட்டுதலில் விண்ணப்பிப்பது. அதை அற்பமாக நினைக்காதீர்கள். குளத்து நீரின் முதல் ஆண்டுத் தரவு உங்கள் கையில் இருந்தால், பெரிய வரைவுக்கு அதுவே அடித்தளம்.

மற்றொன்று, டேர் என்று அழைக்கப்படும் ஆசிரியர் இணைவுத் திட்டம். 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் உருவான, செர்ப் எனப்படும் அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் இதைத் தொடங்கியது. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்த வாரியம் இப்போது அனுசந்தான் அறக்கட்டளைக்குள் அடங்கிவிட்டது. மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும், தனியார் கல்லூரிகள் உட்பட, வழக்கமான பணியில் இருக்கும் ஆசிரியர், தம் வேலையை விடாமலேயே அருகிலுள்ள ஒரு தேசிய ஆய்வகத்தோடு இணைந்து 3 ஆண்டுகள் ஆராய இது வழி செய்கிறது. வயது வரம்பு, தளர்வு எல்லாம் அழைப்பிலேயே இருக்கும். அழைப்பு வெளிவருகிறதா என்று மாதம் ஒருமுறை இணையதளத்தைப் பாருங்கள். அருகில் என்றதும் நம்மவர்கள் சென்னையையும் மதுரையையும் நினைக்கிறார்கள். மார்த்தாண்டத்தில் பேருந்து ஏறி, களியக்காவிளை, நெய்யாற்றின்கரை தாண்டினால், திருவனந்தபுரம் நகர மையத்தை அடையும் முன்பே பாப்பனங்கோட்டில், மத்திய அரசின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பின் ஆய்வகம் இருக்கிறது; உங்களுக்குத் திருநெல்வேலியை விட அது பக்கம். அங்கு நீர் மாசு பற்றி ஆராய்கிற விஞ்ஞானி ஒருவருக்கு, உங்கள் எண்ணத்தை ஒரே பக்கத்தில் எழுதி மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து மீண்டும் எழுதுங்கள். அறிமுகக் கடிதம், சிபாரிசு எதுவும் தேவையில்லை.

நிதி வந்த பிறகு படப்போகும் பாட்டையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு நிதியாண்டு முடிவிலும், பொது நிதி விதிகள் 2017-இன் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். வங்கி வட்டி சேர்ந்திருந்தால் அதையும் அரசுக்குத் திருப்பிச் செலுத்த வேண்டும். சான்றிதழ் தாமதமானால் அடுத்த தவணை நிற்கும். ஆனால், நாம் நாள் தவறாமல் கொடுத்தாலும் அடுத்த தவணை மாதக்கணக்கில் வராமல் இருப்பதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. திட்ட உதவியாளராகச் சேர்ந்த பிள்ளை ஐந்தாறு மாதம் ஊதியம் இல்லாமல் ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த முகத்தைத் தினமும் பார்க்க வேண்டியவர் நீங்கள். ஆகவே சேரும்போதே அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் தலைப்பு நல்ல தலைப்பு. சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும், நம் மாவட்டத்திலேயே உள்ள வேம்பனூர் ஈரநிலமும் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் இடம்பெற்றவை. இதை வரைவின் முதல் பத்தியில் எழுதுங்கள். ஆனால் நீர்த்தாவரங்களின் பல்வகைமை என்று பொதுவாக நிறுத்திவிடாமல், வயல்களிலிருந்து வடியும் உர நீர் எந்த மாதத்தில் எந்தச் செடியைப் பெருக்குகிறது என்பது போல, விடை காணக்கூடிய ஒரே கேள்வியாகச் சுருக்குங்கள். அந்தப் பகுதி வனத்துறையின் பாதுகாப்பில் இருப்பதால், செடியும் நீரும் எடுக்க எழுத்துபூர்வமான அனுமதி வேண்டியிருக்கும். மாவட்ட வன அலுவலகத்தில் மனு கொடுத்தால் பதில் வர நாளாகும். வரைவை எழுதி முடித்த பிறகு மனுவைப் பற்றி யோசிக்காமல், முதல்வரின் பரிந்துரைக் கடிதத்தை இணைத்து மனுவை இந்த மாதமே கொடுத்து, அதற்கான ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.