பழைய வெஸ்பா: வாசகர் சந்தேகங்கள்

கேள்வி: 1966 வெஸ்பா ஸ்பிரிண்ட் 150 ஸ்கூட்டர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பெயிண்டைக் கடைசியாகப் பாருங்கள். வெஸ்பாவுக்குத் தனி ஃபிரேம் கிடையாது. கோர்ராடினோ தஸ்கானியோ வடிவமைத்த 1946 மாடலிலிருந்தே தகட்டு பாடிதான் வண்டியின் எலும்பு. சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கால் வைக்கும் தளம், பிரேக் பெடல் ஓரம், ஸ்டாண்டு மாட்டும் இடம் எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள். பிறகு வண்டிக்கு அடியில் நடுவில் ஓடும் பெட்டித் தகட்டை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உளுத்தது 'பொத்'தென்று அமுங்கும்.

பாடி எண் வி.எல்.பி.1டி என்றும், இன்ஜின் எண் வி.எல்.பி.1எம் என்றும் தொடங்க வேண்டும். இல்லையென்றால் பாடியோ இன்ஜினோ மாறியிருக்கிறது.

அடுத்தது, பலர் விட்டுவிடும் இடம். கார்புரேட்டரையும் அதன் பெட்டியையும் கழற்றி, உள்ளே போகும் துளைக்குள் டார்ச் அடியுங்கள். கிராங்க்கை (பிஸ்டன் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) சுற்றச் சுற்ற, அதன் தட்டு அந்தத் துளையைத் திறந்து மூடும். இந்த இன்ஜினில் வால்வு அதுதான். துளையைச் சுற்றிய அலுமினியப் பரப்பில் ஆழமான கீறல் இருந்தால் பெட்ரோல் கலவை திரும்பிக் கார்புரேட்டருக்கே வரும். கிக்கர் அடித்துக் கால்தான் வலிக்கும். பேரிங் கூடு உடைந்து துண்டுகள் சிக்கினாலோ, யாரோ நட்டைத் தவறவிட்டிருந்தாலோ இப்படி ஆகும். வெல்டிங் வைத்து லேத்தில் கடைந்தெடுக்க வேண்டும், அல்லது கிராங்க் உட்காரும் கூடான கிராங்க் கேஸை ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஒரு பாதியை மட்டும் மாற்றாதீர்கள். இரண்டையும் சேர்த்துத்தான் கடைந்திருக்கிறார்கள்.

பழைய பெட்ரோல் பஜாஜ் சேத்தக் ஸ்பிரிண்ட்டைத் தழுவி வந்த வண்டி என்பதால் 3.50-10 டயருக்கு அலைய வேண்டியதில்லை. ரிம் இரண்டு துண்டு. காற்றை முழுக்க இறக்காமல் அதை இணைக்கும் நட்டில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: இன்ஜின் வேலை முடிந்தது. சூடானதும் ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் ஆர்.பி.எம். இறங்குவதில்லை. கார்புரேட்டரை மூன்று முறை கழுவியாயிற்று.

பதில்: எங்கேயோ காற்று இழுக்கிறது. அந்த நிலையில் சோக்கை இழுங்கள். ஆர்.பி.எம். விழுந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு என்பது உறுதி. இப்படியே ஓட்டினால் பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு இறுகி சீஸ் ஆகிவிடும்.

முதல் சந்தேகம் மேக்னட் (கிராங்க் முனையில் சுழலும் காந்தச் சக்கரம்) பக்க ஆயில் சீல். மேக்னட்டைக் கழற்றிப் பாருங்கள். அதன் பின்னால் கம்பிச்சுருள் மாட்டிய ஸ்டேட்டர் தட்டு எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் குற்றவாளி அதுதான். புது சீல் போடுமுன் அது உட்காரும் கிராங்க் பரப்பில் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால் பள்ளம் விழுந்திருக்கிறது. எத்தனை சீல் போட்டாலும் நிற்காது. சீலின் உதட்டில் டூ டி ஆயில் (பெட்ரோலில் கலக்கும் டூ ஸ்ட்ரோக் ஆயில்) தடவி, கிராங்க் மரையின் மேல் டேப் சுற்றி ஏற்றுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு விட்டான் ரப்பர் சீல்தான் தாங்கும்.

சீல் நன்றாக இருந்தால் கார்புரேட்டரின் அடித்தட்டைக் கவனியுங்கள். இரண்டு நீள போல்ட்டையும் வெறியோடு முறுக்கி அதை வளைத்திருப்பார்கள். கண்ணாடி மேல் 600 நம்பர் எமரி பேப்பரை விரித்து, எட்டு போடுவதுபோல் தேயுங்கள். முழுப் பரப்பும் ஒரே நிறத்துக்கு வரும்வரை.

வெள்ளைப் புகையும் வந்து, கியர் ஆயிலும் குறைகிறதா? அப்படியானால் கிளட்ச் பக்க சீல். அதற்கு இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும்.

கேள்வி: ஆயில் அளவு?

பதில்: பெட்ரோலில் கலக்கும் டூ டி ஆயில் ஸ்பிரிண்ட்டுக்கு 2 சதவீதம், லிட்டருக்கு 20 மில்லி. கியர் பெட்டிக்கு எஸ்.ஏ.இ. 30 ஆயில், 250 மில்லி. அதற்கு முந்தைய, பிஸ்டனே துளையைத் திறந்து மூடும் ஜி.எஸ். 150 போன்ற வண்டிகளுக்கு 5 சதவீதம். அந்த வண்டிகளில் 2 சதவீதம் ஊற்றி ஓட்டாதீர்கள்.