நெல் மூடையில் இரண்டு கிலோ குறைந்தது புவியீர்ப்பாலா?

மட்டக்களப்பின் படுவான்கரையில் வேளாண்மை செய்யும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "வீட்டில் 65 கிலோ நிறுத்துக் கட்டிய மூடை, அன்றைக்கே வியாபாரியின் டிஜிட்டல் தராசில் 63 கிலோ காட்டியது. கேட்டால், 'மலையில் ஒரு நிறை, கடற்கரையில் ஒரு நிறை, செயற்கைக்கோளில் நிறையே இல்லை, இது விஞ்ஞானம் அண்ணன்' என்கிறார். நிறை இடத்துக்கு இடம் மாறும் என்று சாதாரண தரம் படிக்கும் மகனும் சொல்கிறான். உண்மையா ஐயா?"

தம்பி, மகன் படித்தது சரி. அதைச் சொல்லி உங்கள் நெல்லில் இரண்டு கிலோவைக் கழித்தது அநியாயம்.

மூடைக்குள் எவ்வளவு நெல் இருக்கிறதோ அது திணிவு. அந்த நெல்லைப் பூமி இழுக்கும் இழுவை நிறை. நீங்கள் விற்பது நெல்லை, இழுவையை அல்ல. மகன் தமிழ்நாட்டு வீடியோ பார்த்துப் படிக்கிறான் என்றால் ஒன்று சொல்லி வையுங்கள்: நமது 'திணிவு' அங்கே 'நிறை', நமது 'நிறை' அங்கே 'எடை'. எத்தனையோ பிள்ளைகள் இதில் குழம்பிப் புள்ளியை இழக்கிறார்கள். சூத்திரத்தை எழுதிப்போட்டுப் பரீட்சைக்குப் பாடமாக்கச் சொல்கிறோமே தவிர, ஒரு தராசை வகுப்புக்குக் கொண்டு வந்து காட்டுகிறோமா?

இழுவை மாறுவது உண்மைதான். எவ்வளவு மாறும் என்பதைத்தான் வியாபாரி சொல்லவில்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,900 மீற்றர் உயரம். அங்கே நிறுத்த 65 கிலோ மூடையை அதே டிஜிட்டல் தராசோடு மட்டக்களப்புக்குக் கொண்டு வந்தால் வித்தியாசம் 40 கிராம்கூட வராது, ஒரு கைப்பிடி நெல். அதுவும் இங்கே கூடத்தான் காட்டும், குறையாது. உங்கள் வீட்டிலிருந்து அவருடைய லொறிக்கு எந்த மலை இருக்கிறது?

செயற்கைக்கோள் கதையும் அப்படித்தான். 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில்கூட நிலத்தில் உள்ள ஈர்ப்பில் 90 வீதத்துக்குக் கிட்ட இருக்கிறது. அந்த ஈர்ப்பு இல்லாவிட்டால் அது பூமியைச் சுற்றாது, நேரே போய்விடும். மணிக்கு 28,000 கிலோமீற்றர் வேகத்தில் விழுந்துகொண்டே இருக்கிறது. பூமி உருண்டை என்பதால் நிலத்தைத் தொடாமல் சுற்றி வருகிறது. குளக்கரை மரத்திலிருந்து மாங்காயோடு குதிக்கும் பிள்ளைக்கு, தண்ணீரைத் தொடும்வரை மாங்காய் கையில் பாரமாகத் தெரியாது. மேலே விண்வெளி வீரர்கள் மிதப்பதும் அதனால்தான். 2019 இல் விண்ணுக்குப் போன நமது செயற்கைக்கோள் ராவணா-1 இன் திணிவு ஏறத்தாழ ஒரு கிலோ. கட்டுநாயக்கவிலும் ஒரு கிலோ, விண்வெளியிலும் ஒரு கிலோ.

ஒரே ஒரு விதிவிலக்கு, இதைக் கவனமாகக் கேளுங்கள். லண்டனிலிருந்து உறவுக்காரர் கொண்டு வந்து தந்த டிஜிட்டல் தராசு, அங்கத்தைய ஈர்ப்புக்குச் சரிபார்க்கப்பட்டதாக இருக்கலாம். அங்கே இழுவை கூட: ஒரு கிலோவுக்கு 9.81 நியூட்டன், இங்கே 9.78. அந்தத் தராசை இங்கே திருத்தாமல் பாவித்தால் 65 கிலோவுக்குச் சுமார் 200 கிராம் குறைத்துக் காட்டும். வில்தராசும் அப்படித்தான். தட்டுத் தராசு காட்டாது, ஏனென்றால் இரண்டு தட்டையும் பூமி ஒரே மாதிரி இழுக்கும். அதைச் சந்திரனுக்குக் கொண்டு போனாலும் கணக்குப் பிசகாது. ஆனால் எந்த நாட்டுத் தராசாக இருந்தாலும் இரண்டு கிலோ வித்தியாசம் ஈர்ப்பால் வராது.

நெல் காயக் காயத் திணிவே குறையும், அது வேறு. அன்றைக்கே கட்டி அன்றைக்கே நிறுத்த மூடைக்கு அந்தக் கதையும் பொருந்தாது.

ஆகவே பிழை இரண்டு தராசில் ஒன்றில். தராசுக்கு வருடாவருடம் முத்திரை வேண்டும் என்று 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஏற்பாடு இருக்கிறது. வேளாண்மை வெட்டும் தை, மாசியில் வயலடிக்கு வந்து அதைப் பார்க்கத்தான் ஆளில்லை. நீங்களே பாருங்கள். முத்திரையுள்ள 5 கிலோ படிக்கல் ஒன்றைக் கடையில் இரவல் வாங்குங்கள். வெறும் தராசில் வைத்துப் பார்ப்பது போதாது, சிறு பாரத்துக்குச் சரியாகக் காட்டிப் பெரிய பாரத்தில் குறைக்கும்படி செய்து வைத்த தராசுகளும் உண்டு. மூடை ஏறிய பிறகு அதன் மேல் படிக்கல்லை வையுங்கள். 63 என்றிருந்தது சரியாக 68 ஆக வேண்டும், ஆகாவிட்டால் தராசு பிழை. 68 காட்டினாலும் அதோடு நம்பிவிடாதீர்கள்: பெரிய பாரத்தில் எப்போதும் ஒரே இரண்டு கிலோவைக் குறைக்கும் தராசும் 68 தான் காட்டும். அதனால் மூடை நெல்லைச் சிறு சிறு பங்காகப் பிரித்து நிறுத்துக் கூட்டியும் பாருங்கள். தட்டின் நாலு மூலையிலும் மூடையை மாற்றி வைத்தும் பாருங்கள். இதை உங்கள் வீட்டுத் தராசிலும் முதலில் செய்துவிட்டுத்தான் அவரிடம் போகவேண்டும். வியாபாரி "நேரமில்லை, லொறி போகவேணும்" என்று அவசரப்படுத்தினால் மூடையை ஏற்ற விடாதீர்கள்.